மலை தெரியாவிட்டாலும் வீணாகாத ஒரு நாள்: அம்மாவுடன் ஃபூஜி

2023 ஆகஸ்டில் முதன்முறை ஃபூஜிக்குப் போனபோது நான் மலையைப் பார்க்கவே இல்லை. மலைமேல்தான் நின்றுகொண்டிருந்தேன். பேருந்து போகக்கூடிய கடைசி இடமான ஐந்தாவது நிலையம், கடல்மட்டத்திலிருந்து 2,305 மீட்டர். அங்கே நின்றும் பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் கையில் தடியோடு மலையேறப் புறப்பட்டவர்கள் ஒவ்வொருவராக அந்த வெள்ளைக்குள் போய் மறைந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து வழிகாட்டி கொடியைத் தூக்கிப் பிடித்தார். எல்லோரும் பேருந்துக்குத் திரும்பினோம்.

அலுவலக வேலையாக டோக்கியோ போயிருந்தேன். கிடைத்தது ஒரே ஒரு ஞாயிறு. ஒரே நாளில் ஆறு இடம் என்று போட்டிருந்த பயணத்தைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டேன். நாற்பத்தைந்து பேர் உட்கார்ந்த பெரிய பேருந்து. ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம், முப்பது நிமிடம். மதியச் சாப்பாட்டில் சைவம் என்று எழுதிக் கொடுத்திருந்தும் எனக்குக் கிடைத்தது வெள்ளைச் சோறும் முட்டைக்கோஸும். இவ்வளவு அவசரத்திலும் ஒரு பரிசுப்பொருள் கடையில் மட்டும் ஒரு மணி நேரம் நின்றார்கள். ஐந்து மாடிச் சிவப்புக் கோபுரத்தோடு ஃபூஜி நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள், அந்த சூரேய்தோ கோபுரத்துக்கு 398 படி. ஓட்டமாக ஏறி மேலே போனால் கோபுரம் மட்டும் இருந்தது, பின்னால் மேகம். அது போரில் இறந்தவர்களின் நினைவாக எழுப்பியது என்பதுகூட எனக்கு வீடு திரும்பிய பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் முழுக்கச் சுற்றியும் எதையும் தொட்டுப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்ற வருத்தம் ரொம்ப நாள் இருந்தது.

அதனால்தான் 2024 நவம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடி போனபோது எல்லாவற்றையும் மாற்றி யோசித்தேன். அம்மாவுக்கு 66 வயது, பவானிக்காரர். வலது முழங்காலில் தேய்மானம். முட்டைகூடச் சேர்க்காத சைவம். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு திட்டமிட்டதுதான் எனக்குப் பாடம் ஆனது. அம்மாவுக்கு ஒத்துவரும் நாள் யாருக்கும் ஒத்துவரும் என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் காலம். 3,776 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கும் மலை அது. கோடையில் ஈரக்காற்று சரிவுகளில் சூடேறி மேலே போய் மேகமாகிவிடும். காலை ஒன்பது, பத்து மணிக்கே மலை மூடிக்கொள்ளும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை காற்று உலர்ந்திருக்கும், மலை தெரியும் நாட்கள் அதிகம். அப்போதும் காலை நேரம்தான் நல்லது. ஜூலை, ஆகஸ்டு மலையேறுபவர்களின் மாதங்கள், பார்க்க வருபவர்களின் மாதங்கள் அல்ல. பள்ளி விடுமுறைக் கணக்கில் மே கடைசியிலும் ஜூனிலும் போகிற நம் ஆட்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது. ஜூனில் அங்கே மழைக்காலம். வேறு வழியில்லை என்றால் போங்கள், ஆனால் மலையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது கிழமை. டோக்கியோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். சூஓ விரைவுச்சாலை காலியாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வார இறுதி மாலைகளில் டோக்கியோவை நோக்கித் திரும்பும் வண்டிகள் கொபோதொகே சுரங்கப்பாதைக்கு முன்னால் மைல்கணக்கில் நிற்கும். முதல் பயணத்தில் நான் விடுதிக்குத் திரும்பியபோது இரவு ஒன்பதரை. அம்மாவை மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் முழங்காலை மடக்கி உட்காரவைக்க முடியாது. அதனால் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். எந்தக் கிழமை போனாலும் அன்றிரவு விமானம் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்பும்போது சாலையை நம்ப முடியாது என்று தோன்றினால் மலையடிவாரத்துக் கவாகுச்சிகோ நிலையத்திலிருந்து டோக்கியோவின் ஷின்ஜுகுவுக்கு நேரடி ரயில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். ஆனால் எல்லா இருக்கையும் முன்பதிவு, அன்றைக்கே போய்க் கேட்டால் கிடைப்பது சிரமம்.

பயணத்தைப் பதிவு செய்யும்போது எத்தனை இடம் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். எந்த இடத்தில் எத்தனை நிமிடம், வண்டியில் எத்தனை பேர், கடைக்குக் கூட்டிப்போவீர்களா, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்கு நிறுத்துவீர்கள், தரையில் மண்டியிட்டு உட்கார வேண்டிய நிகழ்ச்சி உண்டா, நாற்காலி கிடைக்குமா என்று ஐந்தாறு பேருக்கு எழுதினேன். பாதிப் பேர் பயணத் திட்டத்தையே மறுபடி அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினார், கடைசியில் "உங்கள் அம்மாவால் படி ஏற முடியுமா?" என்று அவரே ஒரு கேள்வி கேட்டார். அவரிடமே பதிவு செய்தேன். பெரிய பேருந்தைவிடச் செலவு கூடத்தான். ஏழு பேர் மட்டும் போகிற வேன், நான்கு இடம், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஜப்பானியப் பெண் வழிகாட்டி, நிதானமான ஆங்கிலம்.

காலை ஏழரைக்கு ஷின்ஜுகுவில் ஏறினோம். ஒட்சுகி தாண்டி சாலை தென்மேற்காகத் திரும்பியதும் மலை முன்கண்ணாடியில் வந்து நின்றது. அந்த வருடம் ஃபூஜியின் உச்சியில் முதல் பனி தெரிந்தது நவம்பர் 7-ல்தான். 1894-ல் பதிவு வைக்க ஆரம்பித்ததிலிருந்து அவ்வளவு தாமதம் அதுதான் முதல்முறையாம். அதனால் நாங்கள் பார்த்தது படங்களில் வரும் வெள்ளைத் தொப்பி இல்லை. உச்சியில் கொஞ்சம் வெள்ளை, கீழே எல்லாம் கருஞ்சாம்பல் நிறம். அம்மா கைப்பையை மடியில் வைத்தபடி கும்பிட்டார். யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் கவாகுச்சிகோ ஏரியின் வடகரைக்குப் போனோம், ஒயிஷி பூங்கா. 'கோ' என்றால் ஏரி, அதனால் கவாகுச்சிகோ ஏரி என்பது 'ஏரி ஏரி' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும், ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதே போலத்தான் 'ஃபூஜிசான்' என்பதும். அதிலுள்ள சான் பெயருக்குப் பின்னால் மரியாதைக்குச் சேர்க்கிற சான் இல்லை, மலை என்று அர்த்தம். வடகரையில் நின்றால் ஏரிக்கு எதிரே மலை முழுதாகத் தெரியும். மணி ஒன்பதரை, குளிர் ஐந்து டிகிரி இருக்கும். அம்மா புடவைக்கு உள்ளே வெப்ப உடையும் மேலே கோட்டும் போட்டிருந்தார். ஏரியே சுமார் 830 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் 100 மீட்டர் கூடினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும் என்று கணக்குப் போடுங்கள், டோக்கியோவைவிட ஐந்து டிகிரி குறைவு. ஐந்தாவது நிலையத்தில் பதினாலு டிகிரி குறைவு. இந்தக் காரணத்தாலும், பனி விழுந்தால் அந்த மலைப்பாதையை மூடிவிடுவார்கள் என்பதாலும் இந்த முறை மேலே போவதையே விட்டுவிட்டேன். மலைமேல் நின்றால் மலை தெரியாது என்பது போன தடவையே புரிந்திருந்தது.

முக்கால் மணி நேரம் அங்கே இருந்தோம். பத்தேகால் வாக்கில் உச்சியின்மேல் தட்டையாக ஒரு மேகம் வந்து உட்கார்ந்தது. தலையில் பிரம்புத்தொப்பி கவிழ்த்த மாதிரி. வழிகாட்டி அதற்குக் 'கசகுமோ', தொப்பி மேகம் என்று பெயர் சொன்னார். "இது வந்தால் நாளைக்கு மழை என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள்" என்றார். அரை மணி நேரத்தில் மலை முழுக்க மறைந்துவிட்டது. அன்று முழுவதும் நாங்கள் ஃபூஜியைப் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான். வேனில் இருந்த ஒருவர் முகம் வாடிவிட்டது. எனக்கு வருத்தம் இல்லை. நாங்கள் வந்த வேலை இனிமேல்தான் தொடங்க இருந்தது.

ஏரிக்கரையில் பழைய மர வீடு ஒன்று. கிமோனோ உடுத்திக்கொண்டு தேநீர்ச் சடங்கில் உட்காரலாம். அம்மா புடவையோடே இருந்துகொள்கிறேன் என்றார், எனக்கு உடுத்தினார்கள். இடப்பக்கத் துணி மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. நீங்களாக விடுதியில் பருத்தி யுகாதா கட்டிக்கொள்ளும்போதும் இதை மறக்காதீர்கள். உடுத்திவிட்ட அம்மாளுக்கும் என் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இடுப்பில் சுற்றும் ஓபியை அவர் விரித்தபோது அம்மா பக்கத்தில் போய் ஓரத்தைத் திருப்பிப் பின்பக்க நூலைப் பார்த்தார். அம்மாவின் அப்பாவழித் தாத்தா ஜமக்காளத் தறி போட்டவர், அம்மா சின்ன வயதில் தார் சுற்றியவர். துணியைக் கையில் வாங்கினால் பின்பக்கம் பார்க்காமல் வைக்கமாட்டார்.

"எத்தன மொழம்னு கேளு கண்ணு" என்றார்.

கேட்டேன். நாலு மீட்டருக்கு மேல் என்றார் அந்த அம்மாள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் வழிகாட்டி சொன்னார்: பக்கத்து ஊரான ஃபூஜியோஷிதா நெசவு ஊர். அரிசி அதிகம் விளையாத குளிர்ப் பகுதி. அதனால் மலைத் தண்ணீரும் பட்டும் வைத்துத்தான் ஊர் பிழைத்தது. முன்பு கிமோனோவின் உள்துணி, இப்போது கழுத்துப்பட்டி, குடைத்துணி. நான் அம்மாவுக்குச் சொன்னதும், "அப்படிச் சொல்லு, நம்மூரு" என்று அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். பயணத் திட்டத்தில் 'கிமோனோ அனுபவம், 40 நிமிடம்' என்று ஒரே வரிதான் எழுதியிருந்தது.

தேநீர் அறையில் நாற்காலியும் மேசையும் போட்டிருந்தார்கள். நான் கேட்டதற்காகத் தற்காலிகமாகச் செய்த ஏற்பாடு என்று நினைத்தேன். அது 'ர்யூரேய்' என்ற முறையான வழிதானாம். 1872-ல் கியோத்தோவில் நடந்த கண்காட்சிக்கு வெளிநாட்டவர் வருவார்கள், அவர்களால் தரையில் மண்டியிட்டு உட்கார முடியாது என்று தேநீர்ச் சடங்கு கற்பிக்கும் உராசெங்கே பள்ளியின் அன்றைய தலைவர் கெங்கென்சாய் அமைத்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் கூச்சப்படாமல் ர்யூரேய் உண்டா என்று கேளுங்கள். தத்தாமி பாய் போட்ட அறை என்றால் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், கால் காலுறையோடு இருக்க வேண்டும், பாயின் துணி ஓரத்தை மிதிக்கக்கூடாது. ஓட்டையில்லாத காலுறை ஒரு சோடி கூடுதலாக எடுத்துப் போவது நல்லது.

முதலில் இனிப்பு வந்தது. வெள்ளைப் பயறு விழுதும் சர்க்கரையும் சேர்த்து மேப்பிள் இலை வடிவில் பிடித்தது. அதை முழுக்கச் சாப்பிட்ட பிறகுதான் தேநீர், இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிடுவதில்லை. வாயில் அந்த இனிப்பு நிற்கும்போது மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியின் கசப்பு வரவேண்டும். தேநீர் ஆசிரியை கிண்ணத்தில் பச்சைப் பொடியை மூங்கில் அகப்பையால் ஒன்றரைத் தடவை எடுத்துப் போட்டு, கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி, எங்கள் கையில் சாசெனைக் கொடுத்தார். சாசென் என்பது ஒரே மூங்கில் துண்டைச் சீவிச் சீவி எண்பது, நூறு இழையாகப் பிரித்துச் செய்த கடையும் கருவி. கிண்ணத்தின் அடியில் அழுத்தக்கூடாது. மணிக்கட்டு மட்டும் முன்னும் பின்னும் வேகமாக ஆடவேண்டும், கடைசியில் மெதுவாக மேல்நுரையைத் தடவி எடுக்க வேண்டும். எனக்குப் பெரிய பெரிய குமிழாக வந்தது. அம்மாவுக்கு மோர் கடைந்த கை. கொஞ்ச நேரத்தில் மேலே மெல்லிசாகப் பச்சை நுரை படிந்துவிட்டது. ஆசிரியை அந்தக் கிண்ணத்தை எல்லோருக்கும் காட்டினார்.

குடிப்பதற்கு முன் கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து வலது கையால் கடிகாரம் சுற்றும் பக்கமாக இரண்டு முறை திருப்புவார்கள். கிண்ணத்தின் அழகான முகத்தை விருந்தாளியைப் பார்த்து வைத்துத்தான் கொடுப்பார்கள். அந்த முகத்தில் வாய் வைக்காமல் இருக்கத்தான் திருப்புவது. தருபவர் ஒரு மரியாதை செய்கிறார், வாங்குபவர் பதிலுக்கு ஒன்று செய்கிறார். குடிப்பதற்கு முன் "ஒதெமாயெ சோதாய் இதாஷிமஸ்" என்று சொன்னால் போதும், நீங்கள் செய்து தந்ததை வாங்கிக்கொள்கிறேன் என்று பொருள். கடைசி மடக்கைச் சத்தம் கேட்க உறிஞ்சலாம், முடித்துவிட்டேன் என்பதற்கு அது அடையாளம். பிறகு குனிந்து காலிக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் இந்த இடத்தில்தான் எழுந்து படம் எடுக்கப் போய்விடுகிறார்கள். அந்தக் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருங்கள். அம்மாவின் கிண்ணத்தில் மெருகு ஒரு பக்கம் வழிந்து துளியாக நின்றிருந்தது, வெளியில் பார்த்த மலைச்சரிவின் அதே கருஞ்சாம்பல். ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் இருந்தோம். ஆறு இடம் என்று போட்ட பயணத்தில் இந்த நேரத்துக்குள் மூன்று இடம் காட்டி முடித்திருப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைவக்காரர்கள் இங்கேதான் கஷ்டப்படுகிறார்கள். யமனாஷி மாகாணத்தின் ஊர்ச் சாப்பாடு ஹோதோ. பட்டையாக அறுத்த கோதுமை நூடுல்ஸ், மஞ்சள் பூசணி, காளான், கிழங்குகள், எல்லாம் மிசோ என்ற புளித்த சோயா விழுதுக் குழம்பில் கொதித்து இரும்புச் சட்டியில் வரும். பார்த்தால் முழுச் சைவம். ஆனால் குழம்பின் அடி தாஷி. அதை உலர்ந்த மீனில்தான் பெரும்பாலும் காய்ச்சுவார்கள். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான், மீன்சாறு அவர் கணக்கில் இறைச்சியில் வராது. அதனால் "சைவம்" என்று மட்டும் எழுதாமல் "மீன் தாஷியும் கூடாது, கடற்பாசி தாஷி ஆகும்" என்று மூன்று நாள் முன்பே எழுதினேன். எங்கள் இருவருக்கு மட்டும் கொம்பு என்ற கடற்பாசியில் காய்ச்சிய குழம்பு தனிச் சட்டியில் வந்தது. அம்மா பூசணித் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "கூட்டாட்டம் இருக்குது" என்றார். உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு என்று பையிலிருந்து பருப்புப்பொடியை எடுத்தார்.

அப்படிச் சொல்லி ஏற்பாடு செய்ய முடியாவிட்டால், புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள், நம்மூர்ப் பயணம் போலவே. ஆனால் கடைக்குள் உட்கார்ந்து சொந்தச் சாப்பாட்டைப் பிரிக்கக்கூடாது, ஏரிக்கரை இருக்கையில் சாப்பிடலாம். குப்பைத்தொட்டி எங்கும் இருக்காது. சாப்பிட்ட பொட்டலத்தை விடுதிவரை சுமந்து வர ஒரு பை வேண்டும். கொன்பினி என்ற தெருமுனைச் சிறு கடைகளில் சோற்றுருண்டை வாங்கினால் உறையைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பாருங்கள், பேருக்கு ஊறுகாய் உருண்டை என்றாலும் மீன்சாறு சேர்ந்திருக்கலாம். வாழைப்பழமும் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கும் எந்தக் கேள்வியும் இல்லாமல் சாப்பிடலாம்.

மதியம் கிதகுச்சி ஹோங்கூ ஃபூஜி செங்கென் கோயில். ஃபூஜியில் ஏறும் யோஷிதா பாதை பழைய காலத்தில் இந்தக் கோயிலின் பின்புறம்தான் தொடங்கியது. இருபுறமும் வானம் தெரியாத அளவு தேவதாரு மரங்கள், நடுவில் கல் பாவிய நடை. நடுவழி தெய்வம் நடக்கும் வழி, நாம் ஓரமாகப் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் முதலில் இடது கை, அடுத்து வலது கை, பிறகு இடது உள்ளங்கையில் தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்து ஓரமாகத் துப்பலாம். அகப்பையில் வாய் படக்கூடாது. சன்னதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். காணிக்கைக்கு ஐந்து யென் காசு விசேஷம், 'கோஎன்' என்றால் ஐந்து யென் என்றும், உறவு என்றும் காதில் ஒன்றாகவே விழும். சில்லறையாக நூறு யென் காசுகளும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை நம்பிப் போனால் கோயில்களில் கை பிசைய வேண்டியிருக்கும்.

அங்கே இருக்கும் தெய்வம் கொனோஹனசகுயா ஹிமே, மலர் பூப்பதுபோல அழகானவள் என்று பெயர். கணவன் சந்தேகப்பட்டதால் பிரசவக் குடிலுக்கே தீ வைத்துக்கொண்டு அந்தத் தீக்குள் குழந்தைகளைப் பெற்று வெளியே வந்தவள். எரிமலையின் நெருப்பை அடக்க அவளைத்தான் கும்பிடுகிறார்கள். மலை கடைசியாகச் சீறியது 1707-ல். அம்மா கதையைக் கேட்டுவிட்டு, "சீதையாட்டமே" என்றார். பிறகு வழிகாட்டி சொன்னதை நான் மொழிபெயர்க்கும்போது எனக்கே தொண்டை கட்டியது. மலையின் தெய்வம் பெண். ஆனால் பெண்கள் அந்த மலையின் உச்சிக்கு ஏறக்கூடாது என்று நூற்றாண்டுக்கணக்கில் தடை இருந்திருக்கிறது. 1832-ல் தகயாமா தத்சு என்ற பெண் ஆண் வேடம் போட்டுக்கொண்டு உச்சிக்குப் போனார். தடை நீங்கியது 1872-ல். காலையில் உட்கார்ந்தோமே, அந்தத் தேநீர் நாற்காலி வந்த அதே வருடம்.

இன்னொன்றும் சொன்னார். எடோ காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, ஊர்மக்கள் சேர்ந்து 'ஃபூஜி கோ' என்று சங்கம் வைப்பார்களாம். இந்தக் 'கோ' ஏரி இல்லை, சங்கம் என்று அர்த்தம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வருடத்துக்குச் சிலரைச் சீட்டு எடுத்துத் தேர்ந்து, எல்லோர் சார்பிலும் மலைக்கு அனுப்புவார்கள். வருபவர்களைத் தங்கவைத்துச் சோறு போட்டு, குளித்துச் சுத்தமாகச் சொல்லி, வழி காட்டி அனுப்ப 'ஒஷி' என்று பூசாரிக் குடும்பங்கள் இதே ஃபூஜியோஷிதாவில் வரிசையாக வீடு கட்டி வாழ்ந்திருக்கின்றன. மலையேற வலுவில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் நகரத்திலேயே 'ஃபூஜிசுகா' என்று குட்டி ஃபூஜி மேடுகளைக் கட்டினார்கள், டோக்கியோவில் சில இன்னமும் இருக்கின்றன. அம்மா உடனே, "அது எங்கிருக்குதுன்னு கேட்டு எழுதிக்க" என்றார். 2013-ல் யுனெஸ்கோ ஃபூஜியை இயற்கைச் சின்னமாக இல்லாமல் பண்பாட்டுச் சின்னமாக ஏன் சேர்த்தது என்பது அந்த மர நிழலில் நின்றபோது புரிந்தது.

கடைசி இடம் ஒஷினோ ஹக்காய். எட்டுக் குளங்கள். மலையில் உருகும் பனி எரிமலைப் பாறைக்குள் இறங்கி, பல பத்தாண்டுகள் வடிந்து, இங்கே ஊற்றாக வருகிறது. வருடம் முழுக்கத் தண்ணீர் சுமார் 13 டிகிரி. பழைய யாத்ரீகர்கள் மலையேறுவதற்கு முன் இந்தக் குளங்களில்தான் தூய்மை செய்துகொண்டார்கள். வருகிற கூட்டமெல்லாம் நடுவில் கடைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆழமான நீலக் குளத்தைச் சுற்றி நிற்கும். அது எட்டில் சேராது, பின்னால் வெட்டிய குளம். போன தடவை அதை மட்டும் பார்த்துவிட்டு வந்தவள் நான். இந்த முறை வாகு இகே என்ற உண்மையான ஊற்றின் ஓரத்தில் நின்றோம். அடியில் பாசி ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடியது, மீனின் நிழல் மணலில் தனியாக நகர்ந்தது. காசு போடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து போடாதீர்கள். பக்கத்தில் யோமோகி என்ற தழையை அரைத்துச் சேர்த்த பச்சை மோச்சியை, அதாவது இடித்த அரிசிக் கொழுக்கட்டையை, கரியடுப்பில் சுட்டுத் தந்தார்கள். உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம். அம்மாவுக்குச் சுடச்சுட இரண்டு.

மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. நவம்பரில் பகல் அவ்வளவுதான், நான்கு இடத்துக்கு மேல் போட்டால் கடைசி இடத்தை இருட்டில்தான் பார்ப்பீர்கள். திரும்பும் வழியில் ஃபூஜிகவாகுச்சிகோ ஊருக்குள் லாசன் என்ற கொன்பினி கடை ஒன்றைக் கடந்தோம். கடைக்குப் பின்னால் மலை நிற்பதுபோல் படம் எடுக்கக் கூட்டம் சாலையில் இறங்கி நின்றதால், 2024 மே மாதம் ஊர் நிர்வாகம் இரண்டரை மீட்டர் உயரம், இருபது மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரை கட்டியது. ஆகஸ்டில் புயலுக்காக அவிழ்த்தார்கள். எங்கள் வழிகாட்டி அதை யாரையும் குறை சொல்லாமல்தான் சொன்னார். ஆனால் எதிரே பல் மருத்துவமனைக்கு வரும் கிழவர்கள் சாலையைக் கடக்க முடியாமல் நின்றதை நினைத்துப் பாருங்கள். படம் எடுக்கும்போது நாம் நிற்பது யாருடைய வாசல் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும்.

மறுநாள் காலை எனக்கு முன்பே எழுந்து அம்மா திரையை விலக்கினார். டோக்கியோ முழுக்க மழை. "அந்தப் புள்ள சொன்னாப்பலயே வந்துருச்சு பாரு" என்றார்.

மழை விட்ட அடுத்த நாள் ஷின்ஜுகுவிலிருந்து இரண்டாவது நிலையமான செந்தகாயாவில் இறங்கினோம். ஐந்து நிமிட நடையில் ஹதோமோரி ஹச்சிமான் கோயில். வளாகத்துக்குள் 1789-ல் கட்டிய ஃபூஜிசுகா இருக்கிறது. ஆறு மீட்டர் உயரம் இருக்கும். செடிகளுக்கு நடுவே கற்படி வளைந்து வளைந்து ஏறுகிறது, மேலே கரடுமுரடான எரிமலைக் கற்கள். அம்மா என்னை முன்னால் போகச் சொல்லவில்லை. ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்து, மறு கையைப் பாறையில் ஊன்றி, வலது காலை ஒவ்வொரு படியிலும் இடதுகாலோடு சேர்த்து வைத்து ஏறினார். உச்சியில் சின்னச் சன்னதி. இரண்டு முறை குனிந்தார், இரண்டு முறை கைதட்டினார், கண்ணை மூடி நின்றார். பிறகு திரும்பி எனக்குக் கையை நீட்டினார்.

"கல்லெல்லாம் ஈரமா இருக்குது. பாத்து எறங்கு கண்ணு."